காந்த மெஷின் வாங்கினால் அப்பாவின் கை தூக்குமா?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. மாசி மாதம் புளி உலுக்க மரம் ஏறிய அவருடைய அப்பா, கிளை முறிந்து விழுந்ததில் வலது மேற்கை எலும்பு நடுவில் உடைந்துவிட்டது. முதலில் நாட்டுக்கட்டு, பிறகு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. பிளேட் எதுவும் வைக்கவில்லை. எலும்பு கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு தொங்கியபடியே கிடக்கிறது, விரலை நீட்ட வரவில்லை. நாலு மாதம் ஆகப்போகிறது. தர்மபுரியில் ஒரு பிசியோதெரபி சென்டரில் வாரம் மூன்று நாள் கரண்ட் வைக்கிறார்கள். இதற்கிடையில் கல்யாண மண்டபத்தில் முகாம் போட்ட ஒருவர், காந்த மெஷின் ஒன்றைக் காட்டி, "செத்த நரம்பையும் எழுப்பும், வெளிநாட்டு லேபில் நிரூபித்தது" என்று 65,000 ரூபாய் சொல்லியிருக்கிறார். கரண்டுக்கும் காந்தத்துக்கும் உண்மையிலேயே ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா, வாங்கலாமா என்பது கேள்வி.

ஆதாரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். முகாமில் பேசியவரும் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் பிழைக்கிறார். ஆனால் கேள்வியைப் படித்தால், உங்களுக்குத் தெரியவேண்டியது வேறு என்று படுகிறது. அப்பா திரும்ப மண்வெட்டி பிடிப்பாரா, அதற்கு நாம் செய்யவேண்டிய எதையாவது செய்யாமல் விட்டுக்கொண்டிருக்கிறோமா? அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

நான் டாக்டர் இல்லை. காவேரிப்பட்டணத்துக்காரன். பயோமெடிக்கல் பொறியாளராக இருபது வருடத்துக்கு மேல் நரம்பையும் தசையையும் தூண்டும் கருவிகளைச் செய்வது, பழுது பார்ப்பது, தவளைக் கால் முதல் சொந்தக் கை வரை வைத்து அளப்பது என்றே காலம் ஓடியது. கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்று என்னால் சொல்ல முடியும். உங்கள் அப்பாவின் நரம்பு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை, கையைத் தொட்டுப் பார்த்த மருத்துவரும் ஒரு சோதனையும்தான் சொல்ல முடியும்.

மணிக்கட்டையும் விரல்களையும் மேலே தூக்கும் தசைகளுக்குப் போகும் நரம்புக்கு ரேடியல் நரம்பு என்று பெயர். மேற்கை எலும்பின் பின்பக்கம், எலும்பை ஒட்டியே சுற்றிக்கொண்டு இறங்கும். அதனால் அந்த எலும்பு நடுவில் உடைந்தால் நரம்பும் அடிபடுவது அபூர்வம் இல்லை. நூறு பேருக்கு உடைந்தால் சுமார் பன்னிரண்டு பேருக்கு இப்படி மணிக்கட்டு தொங்கும். அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு, யாரும் எதையும் வெட்டித் தைக்காமலே நரம்பு திரும்பிவிடுகிறது. இந்தக் கணக்கை முதலில் மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் மெஷின் வாங்கினாலும் சரி, வாங்காவிட்டாலும் சரி, பெரும்பாலோருக்குக் கை தூக்கும். வாங்கியவர்கள் மெஷினுக்கு நன்றி சொல்வார்கள். முகாமில் காட்டும் "குணமானவர்கள்" வீடியோ எல்லாம் பொய்யாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை.

நரம்பு அடிபடுவதில் மூன்று நிலைகள் உண்டு என்று 1943-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் செடன் பிரித்துச் சொன்னார். இன்றும் அதுவே அடிப்படை. சுவருக்குள் பைப் பதித்து ஒயர் இழுப்பதை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும். ஒன்று, பைப்பும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, ஓரிடத்தில் நசுங்கியதால் கொஞ்ச காலம் கடத்தாமல் கிடக்கிறது. இது சில வாரங்களில் சரியாகிவிடும், மிஞ்சிப்போனால் மூன்று மாதம். இரண்டாவது, உள்ளே ஒயர் அறுந்துவிட்டது, பைப் முழுசாக இருக்கிறது. அறுந்த இடத்துக்குக் கீழே உள்ள ஒயர் மக்கிப் போகும். மேலிருந்து புது ஒயர் அதே பைப் வழியாக முளைத்து இறங்கவேண்டும். மூன்றாவது, பைப்பும் சேர்ந்து துண்டாகிவிட்டது. புது ஒயர் முளைத்தாலும் போக வழி இல்லாமல் அங்கேயே முடிச்சாகச் சுருண்டுவிடும். அதற்கு அறுவை சிகிச்சை மட்டுமே வழி.

முளைக்கும் வேகம் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மாதத்துக்கு 3 சென்டிமீட்டர். எலும்பு நடுவில் உடைந்திருந்தால், அங்கிருந்து நரம்பு முதலில் போய்ச் சேரவேண்டிய தசை முழங்கைக்குச் சற்று மேலே ஆரம்பிக்கிறது. பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொண்டால் மூன்று நான்கு மாதம் ஆகும். பிறகு மணிக்கட்டைத் தூக்கும் தசை, அதன் பிறகு விரல், கடைசியில் கட்டைவிரல். ஆக, உங்கள் அப்பாவின் நாலாவது மாதம் என்பது கவலைப்பட்டே ஆகவேண்டிய மாதமும் இல்லை, அலட்சியமாக இருக்கக்கூடிய மாதமும் இல்லை. முதல் அசைவு தெரிந்தால் தெரியவேண்டிய நேரம் இது.

இப்போது கரண்டுக்கு வருவோம். பிசியோ சென்டரில் இருக்கும் பெட்டியில் இரண்டு குமிழ்கள் இருக்கும், ஒன்றில் ஃபாரடிக், இன்னொன்றில் கால்வானிக் என்று எழுதியிருக்கும். இரண்டும் ஆட்களின் பெயர்கள். இத்தாலியில் பொலோன்யா நகரத்து கால்வானி, தவளைக் காலில் இரண்டு வேறு உலோகங்களைத் தொடவைத்தால் அது துடிப்பதைக் கண்டு 1791-இல் எழுதி வெளியிட்டார். மின்சாரம் தவளைக்குள் இருக்கிறது என்றார் அவர். இல்லை, அந்த உலோகங்களில் இருக்கிறது என்று இன்னொரு இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா சண்டைக்கு வந்தார். அந்தச் சண்டையில்தான் 1800-இல் பேட்டரி பிறந்தது. இரண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது. ஃபாரடே 1831-இல், மாறும் காந்தப் புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று காட்டினார். அந்த வழியில் செய்த சுருள் பெட்டியை வைத்து, பிரான்சில் டூஷேன் என்ற மருத்துவர் உடம்பில் எந்த இடத்தில் தொட்டால் எந்தத் தசை துடிக்கும் என்று 1850-களில் வரைபடமே போட்டார். பிசியோதெரபி மாணவர்கள் இன்றும் அந்தப் புள்ளிகளைத்தான் படிக்கிறார்கள்.

பெயர் கதை இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டு குமிழ்களுக்கும் உள்ள வித்தியாசம். ஃபாரடிக் என்பது மிகக் குறுகிய துடிப்பு, ஒரு மில்லி செகண்ட் அல்லது அதற்கும் குறைவு. வினாடிக்கு ஐம்பது தடவை போல வரும். கால்வானிக் துடிப்பு நீளமானது, நூறு மில்லி செகண்ட், சமயத்தில் அதற்கும் மேல். உயிருள்ள நரம்புக்கு ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கே போதும், சட்டென்று பற்றிக்கொள்ளும். தசை நாரோ மந்தமானது. நரம்பு போய்விட்ட தசையைத் துடிக்கவைக்க, அதைப் போல நூறு மடங்கு நேரம் கூட அழுத்திப் பிடிக்கவேண்டியிருக்கும். லாபிக் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை அளந்து ஒரு கணக்காகவே கொடுத்துவிட்டார். நல்ல தசையை நாம் மேலிருந்து கரண்ட் வைத்துத் துடிக்கவைக்கும்போது நிஜத்தில் துடிக்கவைப்பது அதற்குள் போகும் நரம்பை. நேராகத் தசையை இல்லை.

அதனால் அடுத்த தடவை சென்டருக்குப் போகும்போது பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "அப்பாவுக்கு வைப்பது ஃபாரடிக்கா, கால்வானிக்கா? அதில் மணிக்கட்டு துடிக்கிறதா?" நரம்பு அறுந்து மக்கிய கையில் ஃபாரடிக் வைத்தால், சுறுசுறுவென்று இருக்கலாம், தசை அசையாது. அசையாத தசைக்கு மூன்று மாதம் கரண்ட் வைத்தாலும் பிரயோஜனம் இல்லை. அதே சமயம், போன மாதம் ஃபாரடிக்கில் அசையாத தசை இந்த மாதம் லேசாக அசைந்தால், அது நரம்பு வந்து சேர்கிறது என்பதற்கு ஒரு நல்ல அறிகுறி. கவனமான பிசியோதெரபிஸ்ட் அதைக் குறித்து வைத்திருப்பார். அவரை விட்டுவிடாதீர்கள்.

கால்வானிக்கில் ஒரு எச்சரிக்கை. நான் சேர்ந்த புதிதில், ஒரு பழைய பெட்டியைச் சோதிக்க என் முன்கையிலேயே கரண்ட் பாய்ச்சும் பேட்டைக் கட்டி உட்கார்ந்தேன். பேட்டை நனைத்தது போதவில்லை. எரிகிறது என்று தெரிந்தும், இன்னும் இரண்டு அளவு எடுத்துவிடலாம் என்று பொறுத்துக்கொண்டேன். ஐந்து பைசா அளவுக்குத் தோல் வெந்து, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. எனக்கு உணர்ச்சி இருந்தும் இந்த கதி. ரேடியல் நரம்பு போனவர்களுக்குக் கட்டைவிரல் பக்கம் புறங்கையில் உணர்ச்சி குறைந்திருக்கும், சுடுவது தெரியாது. பேட் ஈரமாக இருக்கிறதா, தோல் சிவக்கிறதா என்று பக்கத்தில் இருக்கும் நீங்கள்தான் பார்க்கவேண்டும். மெழுகு ஒத்தடம், சுடுதண்ணீர் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

சரி, அந்தத் துடிப்பால் என்ன நன்மை? இங்கே எது உறுதி, எது இழுபறி என்று பிரித்துச் சொல்கிறேன். நரம்பு போன தசையைத் துடிக்கவைத்தால் அந்தத் தசைக்குள் மாற்றம் நடக்கிறது என்பது உறுதி. நார்வேயில் லோமோ என்பவரும் அவர் கூட்டாளியும் 1972-இல் எலித் தசையில் இதைக் காட்டினார்கள். நரம்பு அறுந்தால் தசை நார் தன் மேற்பரப்பு முழுக்க நரம்பின் ரசாயனத்துக்காகக் காத்திருக்கும் ஏற்பிகளைப் பரப்பிவிடும். கரண்ட் கொடுத்து வேலை வாங்கினால் அந்தப் பரவல் அடங்கிவிடுகிறது. மனிதரிலும் செய்திருக்கிறார்கள். வியன்னாவில் கெர்ன் என்ற மருத்துவரின் குழு, முதுகுத்தண்டின் அடியில் அடிபட்டு இரு கால் தசைகளும் நரம்பை முழுசாக இழந்தவர்களுக்கு, பெரிய பேட்களை வைத்து நீளத் துடிப்புகளை வாரம் ஐந்து நாள், இரண்டு வருடம் வீட்டிலேயே கொடுத்தார்கள். தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. பிரமாதமான வேலை. ஆனால் அவர்களால் சொந்த விருப்பத்தில் காலைத் தூக்க முடிந்ததா என்றால், இல்லை. தசை பிழைத்தது, நரம்பு வரவில்லை.

இழுபறி எங்கே என்றால், உங்கள் அப்பா மாதிரி நரம்பு முளைத்து வந்துகொண்டிருக்கும் கையில், வாரம் மூன்று நாள், பதினைந்து நிமிடம் என்ற அளவு போதுமா என்பதில். வியன்னா கணக்கோடு ஒப்பிட்டால் அது கடலில் கரைத்த பெருங்காயம் மாதிரிதான். இன்னொரு பக்கம், நரம்பு போன தசையை அதிகம் துடிக்கவைத்தால், புதிதாக வரும் நரம்பு கிளைவிடுவது குறையும் என்று விலங்கு ஆய்வுகள் சிலவும், அப்படி ஒன்றும் இல்லை என்று வேறு சிலவும் சொல்கின்றன. என் சொந்தக் கருத்து, வைப்பதால் பெரிய கெடுதல் இல்லை, அதுவே வைத்தியம் என்று நம்பி உட்கார்ந்துவிட்டால்தான் கெடுதல். பிசியோவில் அப்பாவுக்கு உண்மையில் உதவுவது, கரண்டுக்கு முன்னும் பின்னும் அவர்கள் மூட்டுகளை மடக்கி நீட்டிவிடுகிறார்களே, அதுதான். அப்புறம் மணிக்கட்டை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளின்ட். நரம்பு வந்து சேரும் நாளில் மூட்டு இறுகிப்போயிருந்தால், வந்தும் பயன் இருக்காது.

இனி காந்தம். இதில் ஒரே ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும். காந்தம் நரம்பைத் தொடுவதே இல்லை. நரம்புக்குத் தெரிந்த பாஷை மின்சாரம் மட்டும். காந்தப் புலம் வேகமாக ஏறி இறங்கும்போது, ஃபாரடே சொன்னபடி உடம்புக்குள் ஒரு மின்சாரம் உண்டாகிறது. அந்த மின்சாரம்தான் நரம்பைத் தூண்டுகிறது. ஏறாமல் இறங்காமல் சும்மா இருக்கும் காந்தம், எவ்வளவு வலுவாக இருந்தாலும், அசையாமல் கிடக்கும் உடம்பில் ஒரு மின்சாரத்தையும் உண்டாக்காது. வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருந்தால் யோசித்துப் பாருங்கள். அதுவும் காந்தப் புலம்தான், வினாடிக்குப் பல ஆயிரம் தடவை திசை மாறுகிறது, பாத்திரத்துக்குள் மின்சாரம் சுழன்று சூடாகிறது. ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய பெரிய காந்தத்தின் மேல் பால் பாத்திரத்தை வைத்தால் பால் பொங்குமா? காந்தப் படுக்கை, காந்த வளையல், காந்தத் தண்ணீர் பாட்டில் எல்லாம் இந்த ஸ்பீக்கர் காந்தத்தின் கதைதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 1.5 டெஸ்லா (காந்த வலுவை அளக்கும் அலகு) காந்தத்துக்குள் அரை மணி நேரம் படுத்து எழுந்து வருகிறோம். எந்தப் படுக்கைக் கடைக்காரரிடமும் அந்த வலுவில் காந்தம் இருக்காது. அதில் படுத்ததால் யாருக்கும் நரம்பு முளைத்ததில்லை. அதே ஸ்கேனில் கூடவே இருக்கும் வேறு சுருள்கள் படபடவென்று மாறும்போது சிலருக்கு முதுகில் சுருக்கென்று இழுக்கும். நரம்புக்குப் படுவது அந்த மாற்றம்தான்.

இந்த வழியை மனிதர்மேல் வைத்துப் பார்த்த வரலாறு நீளமானது. 1896-இல் பிரான்சில் தார்சொன்வால், பெரிய சுருளுக்குள் தலையை வைத்தால் கண்ணில் ஒளி மின்னுவதாக எழுதினார். 1965-இல் பிக்ஃபோர்டும் ஃப்ரெமிங்கும் கை நரம்பைக் காந்தத் துடிப்பால் தூண்டினார்கள். 1980-இல் மெர்ட்டன், மார்ட்டன் இருவரும் தலைக்கு மேலிருந்தே நேராக மின்சாரம் செலுத்தி மூளையைத் தூண்டிக் கையை அசைத்தார்கள், ஆனால் அது கடுமையாக வலித்தது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து பார்க்கரின் குழு 1985-இல் அதையே ஒரு காந்தச் சுருளால், வலியில்லாமல் செய்து காட்டியது. தோலும் மண்டையோடும் மின்சாரத்தைத் தடுக்கும், காந்தப் புலத்தைத் தடுக்காது. அதன் பெருமையே அதுதான். இன்று மருந்துக்குக் கட்டுப்படாத மன அழுத்தத்துக்கு இந்தச் சிகிச்சை உண்டு, அமெரிக்காவில் 2008-இல் அனுமதி கொடுத்தார்கள். நரம்பியல் சோதனையில், மூளையிலிருந்து கைவரை செய்தி எத்தனை மில்லி செகண்டில் போகிறது என்று அளக்கவும் பயன்படுகிறது. இது எதுவும் கட்டுக்கதை இல்லை.

அந்த மெஷின் எப்படி இருக்கும் தெரியுமா? உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கிகள், அவற்றில் இரண்டாயிரம் மூவாயிரம் வோல்ட். அதைக் கனமான செம்புச் சுருளுக்குள் ஒரே அடியாகக் கொட்டினால், பல ஆயிரம் ஆம்பியர் ஒரு கணம் ஓடும். வெறும் 100 மைக்ரோ செகண்டில் புலம் 2 டெஸ்லா வரை ஏறும். வினாடிக்கு 20,000 டெஸ்லா என்ற வேகம். தீபாவளி கேப் துப்பாக்கி மாதிரி "டப்" என்று சத்தம் வரும், காதில் அடைப்பான் வைத்துக்கொள்வோம். நான் முதன்முதலில் சுருளை என் முழங்கை உள்பக்கம் வைத்து ஒரு அடி அடித்தபோது சுண்டுவிரல் எனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி துள்ளியது. சிரிப்பாகவும் வந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஐம்பது அறுபது அடி அடித்தால் சுருள் சூடேறி, ஆறும்வரை காத்திருக்கவேண்டும். சுருளை மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் துள்ளல் ஏறக்குறைய நின்றுவிடும்.

ஆகவே முகாமில் ஒரு சோதனை கேளுங்கள். மெஷினை அப்பாவின் நல்ல இடது கையில் முழங்கைப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். விரல் தானாகத் துள்ளுகிறதா? துள்ளவில்லை என்றால், ஆராய்ச்சியில் வரும் மெஷின் அது இல்லை. பெட்டி முழுக்க அதிருவதைப் பார்த்து ஏமாறவேண்டாம். செல்போன் மோட்டாரே அந்த அதிர்வைக் கொடுக்கும்.

ஒருவேளை துள்ளியது, நிஜ மெஷின்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் அப்பாவுக்கு அது பொருந்தாது. அதன் துடிப்பு ஒரு மில்லி செகண்டில் பத்தில் இரண்டு மூன்று பங்கு நேரமே நீடிக்கும். மேலே சொன்ன ஃபாரடிக் கணக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். குறுகிய துடிப்பு உயிருள்ள நரம்பைத்தான் எழுப்பும். நரம்பு மக்கிப்போன தசையை அசைக்க நூறு மில்லி செகண்ட் வேண்டும், காந்தச் சுருளால் அவ்வளவு நேரம் இழுத்துப் பிடிக்க முடியாது, புலம் மாறிக்கொண்டே இருந்தால்தானே மின்சாரம். நல்ல நரம்பு இருக்கும் கையில் வித்தை காட்டும் அந்த லட்ச ரூபாய்க் கருவி, நரம்பு இல்லாத கையில், ஐந்தாறு ஆயிரத்து கால்வானிக் பெட்டியிடம் தோற்றுவிடும்.

"வெளிநாட்டு லேபில் நிரூபித்தது" என்பது எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தேன். இரண்டு இடம் தோன்றுகிறது. ஒன்று எலும்பு. வலு குறைந்த காந்தத் துடிப்புகளை, கூடாமல் நிற்கும் எலும்பு முறிவுக்குப் பயன்படுத்த அமெரிக்காவில் 1979-லேயே அனுமதி உண்டு. அது எலும்புக்கு வாங்கிய அனுமதி, அப்பாவுக்கு எலும்பு கூடிவிட்டது. இன்னொன்று நிஜமாகவே நரம்பைப் பற்றியது, எனக்கு மிகவும் பிடித்த ஆய்வும் கூட. கனடாவில் டெஸ்ஸா கார்டனின் குழு, எலியின் தொடை நரம்பை வெட்டித் தைத்து, தைத்த கையோடு நரம்பின் மேல்பகுதியில் வினாடிக்கு 20 துடிப்பு வீதம் கரண்ட் கொடுத்தது. சாதாரணமாக எட்டுப் பத்து வாரம் ஆகும் வேலை மூன்று வாரத்தில் முடிந்தது. 2000-இல் வெளியானது. இதில் வேடிக்கை, ஒரு மணி நேரம் கொடுத்தாலும் இரண்டு வாரம் விடாமல் கொடுத்தாலும் பலன் ஒன்றுதான். பின்னால் வேறொரு குழு துருவிப் பார்த்ததில், கரண்ட் நரம்பு முளைக்கும் வேகத்தைக் கூட்டவே இல்லை என்று தெரிந்தது. தையலைத் தாண்டத் தயங்கி நிற்கும் நரம்பு நார்களை அது சீக்கிரம் தாண்டவைக்கிறது. பஸ் வேகமாக ஓடவில்லை, எல்லாரும் முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டார்கள். மணிக்கட்டு நரம்பு நெருக்கலுக்கு அறுவை செய்த மனிதர்களிலும் இதே ஒரு மணி நேர முறையில் நல்ல பலன் கிடைத்ததாக 2010-இல் எழுதினார்கள். கவனியுங்கள், இது அறுவை சிகிச்சையை ஒட்டி, நரம்புக்கே நேராக, அடிபட்ட இடத்துக்கு மேலே, ஒரே ஒரு தடவை கொடுத்த கரண்ட். நாலு மாதம் கழித்துத் தோலுக்கு வெளியே தினமும் வைக்கும் பெட்டிக்கும் இதற்கும் உறவு கிடையாது.

இனி நான் முதலில் சொன்ன உள்ளே இருக்கும் கேள்வி. 65,000 போனால் ஒரு போகம் தக்காளியில் வந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள் (தக்காளி விலை தெரிந்தவர்கள் சிரிக்காதீர்கள்). போனால் வராதது மாதங்கள். நரம்பு இல்லாத தசை என்றென்றும் காத்திருக்காது. ஒரு வருடம், ஒன்றரை வருடம் தாண்டினால், நரம்பு வந்து சேர்ந்தாலும் வேலை செய்யும் தசை மிஞ்சியிருக்காது. நரம்பு துண்டாகிப்போய், ஆறாவது மாதம் அறுவை செய்து ஒட்டுப் போட்டாலும், அது விரல்வரை இறங்க இன்னும் ஆறேழு மாதம் ஆகும். "மெஷினில் ஆறு மாதம் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்" என்று முகாம்காரர் சொன்னால், அவர் விற்பது உங்கள் அப்பாவின் அந்த இடைவெளியைத்தான்.

அதனால் இந்த வாரமே, முன்கைத் தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் இ.எம்.ஜி. சோதனையும் நரம்புக் கடத்தல் சோதனையும் எடுக்க வழி பாருங்கள். அடிபட்டு மூன்று வாரம் தாண்டினால்தான் அந்தச் சோதனை தெளிவாகப் பேசும், உங்களுக்கு அது தாண்டிவிட்டது. வெளியே அசைவு தெரிவதற்குச் சில வாரம் முன்பே, நரம்பு தசையைத் தொட்டுவிட்டதா என்று அந்த ஊசிக்குத் தெரியும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள், அங்கே அன்றைக்குச் சரிப்படவில்லை என்றால் எழுதி வாங்கிக்கொண்டு சேலம், வேலூர் அல்லது பெங்களூரு. காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். நரம்பு வருகிறது என்று சோதனை சொன்னால் காத்திருக்கலாம். ஒன்றுமே இல்லை என்று சொன்னால், கை அறுவை மருத்துவர் ஒருவரை ஆறாவது மாதத்துக்குள் பார்த்துவிடவேண்டும். திறந்து பார்ப்பதா, இன்னும் பொறுப்பதா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே மாறுபட்ட கருத்து உண்டு, அதில் நான் தலையிடமாட்டேன்.

நரம்பு வரவே வராது என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. நன்றாக வேலை செய்யும் ஒரு தசையின் தசைநாணை எடுத்து மணிக்கட்டைத் தூக்கும் நாணோடு இணைக்கும் அறுவை, முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து இருக்கிறது. நம் பக்கத்து வேலூரில் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய கைகளை இதே தத்துவத்தில் நிமிர்த்திக் காட்டினார். ரேடியல் நரம்புக்கு இந்த அறுவை நன்றாகவே பலன் தரும்.

கேள்வியின் கடைசி வரியில், அம்மாவின் கால் மரத்துப்போவதற்கும் இதே மெஷின் ஆகும் என்றார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகாது. அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தீர்களா? பார்த்து இல்லை என்றால், எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்தார் என்று கேளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருவதற்கு முன்னால் நம் மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பல வருடம் குடித்தவர்களுக்குப் பல்லில் மட்டும் அது நிற்பதில்லை. முதுகெலும்பும் தசைநார்களும் தடித்து, தண்டுவடத்தையே அழுத்திக் கால் மரக்கவைக்கும். கழுத்து திரும்பவில்லை, முதுகு குனியவில்லை, கூடவே கால் பலம் குறைகிறது என்றால் நரம்பியல் மருத்துவரிடம் தாமதமில்லாமல் காட்டவேண்டும். எலும்பு அழுத்தும் நரம்புக்கு கரண்ட் வைத்து என்ன பயன்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு, காசு செலவில்லை. அப்பாவை உட்காரவைத்து, மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, முன்கை, முழங்கை வெளிப்பக்கம் வழியாக மேற்கையின் பின்பக்கம் உடைந்த இடம் நோக்கி, விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நரம்பு முளைத்து வந்திருக்கும் நுனியில் தட்டும்போது, புறங்கையில் சுரீர் என்று மின்னுவதாகச் சொல்வார். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, உடைந்த இடத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் திரும்பத் தட்டிப் பாருங்கள். புள்ளி 3 சென்டிமீட்டர் போல இறங்கியிருக்கிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்து, அந்த நோட்டையும் மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். மின்னுவதே தெரியவில்லை என்றாலும் அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அதற்காக ஒரு மாதம் பொறுக்கவேண்டாம், சோதனைக்கு முதலில் போங்கள்.